கல்யாண மண்டபத்தில் நண்பன் கிடைப்பானா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஆறு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. படிப்பில் குறையில்லை. பறவை என்றால் உயிர். நயினார்குளத்துக் கரையில் மணிக்கணக்காக நிற்பான், நோட்டுப் போட்டு எழுதுவான். ஆனால் ஒரு நண்பன்கூட இல்லை. நாலு பேரோடு பழகட்டும் என்று எல்லாக் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கூட்டிப் போகிறேன். வந்ததும் அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேச மாட்டான். போன மாதம் அவன் பிறந்தநாள். ராத்திரி வந்து, "எல்லாப் பசங்களுக்கும் ஸ்டேட்டஸ் வைக்காங்க, எனக்கு மட்டும் ஏன் யாரும் வைக்கல?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் நான்கு பையன்கள் அவனைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஜிபேயைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பில் கட்டியது இவன்தான். அவர்களுக்கு ரீசார்ஜும் போட்டிருக்கிறான். இரண்டு மாதத்தில் 4,300 ரூபாய். அந்தச் சகவாசத்தை வெட்டிவிடலாமா? அவனை மாதிரிப் பிள்ளைகளோடு சேர்த்தால் இன்னும் ஒதுங்கிப் போவானோ என்ற பயமும் இருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமா?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில் அளிப்பவர்: மருத்துவ உளவியலாளர்

அன்புள்ள அம்மா,

பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம்.

அந்த நான்கு பேரை இன்றைக்கே வெட்டிவிட வேண்டாம். கல்லூரியில் "வால, சாப்பிடப் போலாம்" என்று அவனைக் கூப்பிட வேறு ஆள் இல்லை. அதையும் நீங்கள் பிடுங்கிவிட்டால், அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் போவான், ஜிபே ஹிஸ்டரியையும் காட்ட மாட்டான். இன்னொன்று, நான்கு பேரும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஒருவன் ஏய்க்க, இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரிக்க, நாலாவது பையன் உண்மையிலேயே உங்கள் மகனை விரும்புகிறவனாகக்கூட இருக்கலாம். அதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் முடிவு கட்ட முடியாது. அவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு அளவுகோல் கொடுங்கள்.

"அவங்க உன்னை ஏமாத்துறாங்க" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு அது உங்கள் கருத்து, அவ்வளவுதான். அவன் நோட்டுப் போட்டு எழுதுகிற பையன் இல்லையா? அதையே செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம், யார் எப்போது பில் கட்டினார்கள், யார் வேலை எதுவும் இல்லாமல் சும்மா மெசேஜ் அனுப்பினார்கள் என்று அவனே எழுதட்டும். விதி எளிது: ஒரு முறை நான் கட்டினால் அடுத்த முறை அவன், அவன் முறை வரவில்லை என்றால் மூன்றாவது முறை கிடையாது. இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரு தடவை "இல்லை" என்று சொல்லிப் பார்ப்பது. சொன்ன பிறகும் மறுநாள் பக்கத்தில் வந்து உட்காருகிறவன் நண்பன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் யார் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் "இல்லை" என்று எப்படிச் சொல்வது என்பதை வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வைக்க வேண்டும். பல அம்மாக்கள் "காசு இல்லைன்னு சொல்லிடு" என்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பொய் வாயில் வராது. பையில் காசு இருக்கும்போது இல்லை என்று சொல்லத் திணறி, கடைசியில் கொடுத்தே விடுவார்கள். அதனால் உண்மையான வாக்கியம் ஒன்றைக் கொடுங்கள். "நான் கடன் குடுக்கிறதில்ல, ரீசார்ஜும் போடுறதில்ல. என் ரூல்." அவ்வளவு போதும், காரணம் சொல்ல வேண்டாம். நீங்கள் அந்தப் பையனாக நடித்து "என்னல, நூறு ரூவாதான?" என்று கெஞ்சுங்கள், மிரட்டுங்கள், கிண்டல் பண்ணுங்கள். அவன் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பழகட்டும். முதலில் சிரிப்பாக இருக்கும். நாலைந்து தடவைக்குப் பிறகு வாயில் தானாக வரும்.

கைச்செலவுக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, மாதப் பணத்தை மட்டும் அதில் போட்டு, ஜிபேயை அந்தக் கணக்கோடு மட்டும் இணைக்கலாம். அவன் 19 வயது ஆள், அவனிடம் பேசி அவன் சம்மதத்தோடு செய்யுங்கள். அப்புறம், கல்லூரிப் பையன்களின் வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுப்பதுபோல் எடுத்து மோசடிப் பணத்தைச் சுற்றவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் குடு மச்சான், கமிஷன் தரேன்" என்று ஆரம்பிப்பார்கள். போலீஸ் வருவது கணக்கு வைத்திருப்பவன் வீட்டுக்குத்தான். சந்தேகப்படத் தெரியாத பிள்ளைகள் இதில் சுலபமாக மாட்டுவார்கள். யாருடைய பணமும் அவன் கணக்கில் வந்து போகக் கூடாது, ஓ.டி.பி.யும் ஏ.டி.எம். கார்டும் சிம்மும் யார் கைக்கும் போகக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, கல்யாண மண்டபத்துக்கு வருவோம்.

தயவுசெய்து நிறுத்துங்கள். அங்கே நண்பன் கிடைக்கமாட்டான். அவனுக்கு மட்டுமில்லை, யாருக்குமே அங்கே புதிதாக நண்பன் கிடைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம் அது. உங்கள் மகன் இருக்கும் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். மேளம், மைக்கில் பாட்டு, வீடியோக்காரர் விளக்கு, பூ வாசனையும் சாம்பார் வாசனையும் சென்ட்டும் கலந்து ஒரே நெடி, பந்தியில் முழங்கை இடிக்க இடிக்க உட்கார வேண்டும். இதற்கு நடுவில் ஒரு ஆச்சி வந்து கன்னத்தைப் பிடித்து, "என்னைய யாருன்னு தெரியுதா, சொல்லு பாப்போம்" என்பார். (இந்தக் கேள்விக்கு நானே பல கல்யாணங்களில் அசட்டுச் சிரிப்புச் சிரித்திருக்கிறேன்.) ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு முகங்களை நினைவு வைப்பது உண்மையாகவே கஷ்டம். கேட்பவர் மரியாதை தெரியாத பையன் என்று நினைத்துக்கொள்வார். திரும்பி வந்து இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொள்வது முரண்டு இல்லை, அசதி. அந்த இரண்டு நாளும் கல்லூரியில் நாலு வார்த்தை பேசக்கூடத் தெம்பு இல்லாமல்தான் போவான். நெருங்கிய வீட்டுக் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு வந்து, ஒரு மணி நேரம் இருந்து, பந்தி கூட்டமாவதற்கு முன் சாப்பிட்டுக் கிளம்பட்டும். மற்றதற்கெல்லாம் நீங்கள் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அவன் கேட்ட ஸ்டேட்டஸ் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நட்பு தேவையில்லை, தனிமைதான் பிடிக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். உங்கள் மகனின் கேள்வியே அதற்கு மறுப்பு. தனியாக இருப்பது பிடிக்கும் என்பதும் யாரும் இல்லாமல் இருப்பது வலிக்கும் என்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "நெருங்கிப் பழகினவங்களுக்குத்தான் ஸ்டேட்டஸ் வைப்பாங்க. நீ இன்னும் யார்கூடயும் அவ்வளவு நேரம் பழகல." சமாதானத்துக்காக, "அதெல்லாம் ஒரு விஷயமா" என்று தள்ளிவிடாதீர்கள். அவனுக்கு அது விஷயம்தான்.

அவ்வளவு நேரம் என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதைக் கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லும் அளவுக்கு 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வகுப்பில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் இதில் பெரிதாகச் சேர்வதில்லை. மற்ற பையன்கள் இந்த மணிகளை கேன்டீனிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் தங்களுக்கே தெரியாமல் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் மகனுக்கு அந்த இடங்கள் ஒத்துவருவதில்லை. அவனுக்கு ஒத்துவருகிற இடத்தில் அந்த மணிகளைச் சேர்க்க வழி செய்ய வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால்கூட முதல் 50-க்கே ஆறு மாதம். ஆகவே அடுத்த மாதமே கேட்காதீர்கள்.

எந்த இடம் என்று தேட வேண்டியதே இல்லை, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

உங்கள் மாவட்டத்தில் ஜனவரி தோறும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் அதை ஒருங்கிணைத்து வருகிறது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வேறு வேலையில் இருப்பவர்கள் என்று தன்னார்வலர்கள் குழுகுழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். ஒரு கரையில் நிற்கும் குழுவைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்கிறார், ஒருவர் எண்ணுகிறார், ஒருவர் எழுதுகிறார். பெருங்கூட்டமாக இருந்தால் பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவுக்குக் கண்ணாலேயே கட்டம் போட்டு மொத்தத்தைக் கணிக்கிறார்கள். எல்லாருடைய கண்ணும் தண்ணீரின் பக்கம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். "கூழைக்கடா நாப்பது", "வரித்தலை வாத்து, அந்த மேட்டுக்கு இடப்பக்கம்" என்பதுதான் பேச்சு. பேசாமல் நின்றால் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள், பேசினால்தான் முறைப்பார்கள். உங்கள் மகனுக்கு இதைவிடத் தோதான சபை எனக்குத் தெரியவில்லை.

கையில் ஒரு வேலை, ஆளுக்கு ஒரு பொறுப்பு, எல்லாரும் பார்க்க நடுவில் ஒரு பொருள் என்று மூன்றும் இருக்கும் இடத்தில் ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குப் பழக்கம் எளிதாக வரும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் லெகோ கட்டைகளை வைத்து இப்படித்தான் சிறுவர்களுக்குக் குழு அமைத்தார். ஒரு பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லும், ஒன்று துண்டைத் தேடிக் கொடுக்கும், ஒன்று பொருத்தும். பேசியே ஆக வேண்டும், ஆனால் பேசுவதற்கு விஷயம் இருக்கும். பறவை பிடிக்காத பிள்ளைக்குச் செஸ், வினாடி வினா, கோயில் கல்வெட்டு, பழைய பஸ் மாடல்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். எது என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், அம்மா அப்பா இல்லை.

ஆண்டுக்கு ஒரு கணக்கெடுப்பில் 50 மணி நேரம் சேராது என்பது நிஜம். ஆனால் அங்கே வருகிறவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூந்தன்குளம், அந்தக் குளம் இந்தக் குளம் என்று தாங்களாகவே சுற்றுகிறவர்களாக இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இருந்த இடத்திலேயே கலந்துகொள்ளலாம், நயினார்குளத்துக் கரையே போதும். பார்த்த பறவைகளின் பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் அங்கேயும் ஆட்கள் பழக்கமாவார்கள். ஆன்லைன் நட்பு நட்பே இல்லை என்று தள்ளாதீர்கள். முகபாவம் படிக்க வேண்டாம், யோசித்துப் பதில் போடலாம் என்பதால் இவர்களில் பலருக்கு எழுத்துதான் சௌகரியம்.

முதல் நாள் எப்படிப் போவது? ஒருங்கிணைப்பவருக்கு அவனே முன்கூட்டி மெசேஜ் போடட்டும். எந்த இடம், எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடியும், எத்தனை பேர், சாப்பாடு உண்டா, டாய்லெட் எங்கே என்று எல்லாவற்றையும் கேட்கட்டும். தெரியாத இடம் என்ற பதற்றம் பாதி அதிலேயே போய்விடும். முதல் தடவை நீங்களோ அவனுடைய மாமாவோ கூடப் போகலாம், ஆனால் கரையில் நிற்காதீர்கள், வண்டி பக்கத்தில் இருங்கள். முடியவில்லை என்றால் நடுவில் கிளம்பலாம் என்பதும் எப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்பதும் முன்பே பேசி வைத்ததாக இருக்கட்டும்.

தன்னைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு. சொல்வதென்றால் இரண்டு வரி போதும். இப்படி: "எனக்கு ஆட்டிசம் இருக்கு. உங்க முகத்தைப் பாத்துப் பேச மாட்டேன், ஆனா கேட்டுட்டுத்தான் இருப்பேன். கிண்டல் எனக்குப் புரியாது, எதுன்னாலும் நேரா சொல்லிடுங்க." நம் ஆட்கள் பலர் விலகிப் போவது வெறுப்பினால் இல்லை, எப்படிப் பழகுவது என்று தெரியாமல்தான். சொல்லிவிட்டால் பழகுவார்கள்.

"அவனை மாதிரிப் பிள்ளைகள்" பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரிவதில்லை என்று காலங்காலமாகச் சொல்லி வந்தோம். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இல் திருப்பிக் கேட்டார்: மற்றவர்களுக்கு மட்டும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறையை ஏன் ஒருவர் தலையில் கட்டுகிறீர்கள்? பிறகு கேத்தரின் கிராம்ப்டனும் சக ஆய்வாளர்களும் பிள்ளைகள் காதில் ரகசியம் கடத்தும் விளையாட்டைப்போல ஒரு சோதனை வைத்தார்கள். 2020-இல் வந்த முடிவு: ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது, இரண்டு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. 2025-இல் இன்னும் நிறையப் பேரை வைத்துச் செய்தபோது கலந்த வரிசைகூடச் சளைக்கவில்லை. இரண்டிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. ஆகவே அப்படி ஒரு நண்பன் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். இரண்டு பேர் ஒரே அறையில் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு, மூன்று மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசி, "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்று பிரிவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நட்புதான்.

சொல்லிக்கொடுக்கவே ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லாகிசன் குழுவினர் உருவாக்கிய 'பியர்ஸ்' என்ற பயிற்சியில் பிள்ளைகளுக்கு ஒரு அறை, பெற்றோருக்கு ஒரு அறை, வாராவாரம் வீட்டுப்பாடம். அதில் எனக்குப் பிடித்தது, அறிவுரையைச் செய்கையாக மாற்றிக் கொடுப்பது. "நல்லாப் பழகு" என்றால் என்ன செய்வது? "அவன் ஒன்று சொன்னதும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேள், பிறகு உன்னுடையதைச் சொல்" என்றால் செய்யலாம். உங்கள் மகன் அநேகமாக ஒரே ஆளுக்கு நாற்பது பறவைப் படம் வரிசையாக அனுப்புகிறவனாக இருப்பான். அதற்கும் விதி உண்டு: இரண்டு மெசேஜுக்குப் பதில் வரவில்லை என்றால் மறுநாள் வரை மூன்றாவது இல்லை. (கவனக்குறைவு, துறுதுறுப்பு உள்ள பிள்ளைகளுக்குப் பிரச்சினை நேர் எதிர். வந்த மெசேஜைப் பார்த்துவிட்டு மறந்துபோவார்கள், எதிராளி மதிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வான். அவர்களுக்கு அலாரம்தான் மருந்து.)

கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, எல்லாரையும்போல இரு என்று மட்டும் பழக்காதீர்கள். நாள் முழுக்க வேறொருவனாக நடிப்பது ஆளை உருக்கிவிடும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பிரிட்டனில் சாரா காசிடி குழுவினர் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னை மறைத்து நடிப்பதும் தற்கொலை எண்ணமும் சேர்ந்தே காணப்பட்டன.

கல்லூரியில் ஒரே ஒரு உதவி கேளுங்கள். ப்ராஜெக்டுக்கு "நீங்களே குரூப் பிரிச்சுக்கோங்க" என்று ஆசிரியர் சொல்லும் அந்த ஐந்து நிமிடம்தான் இவர்களுக்கு நரகம், கடைசியில் மிஞ்சி நிற்பார்கள். ஆசிரியரே பெயர் போட்டுப் பிரித்து, ஆளுக்கு இன்ன வேலை என்று எழுதிக் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இப்படிச் சின்னச் சின்ன மாற்றம் கேட்பது அவன் உரிமை, சலுகை இல்லை.

உங்களிடமும் ஒன்று. யாராவது அவனிடம் "என்ன படிக்கிறே?" என்று கேட்டால் பதில் உங்களிடமிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். இத்தனை வருடம் அவனுக்காகப் பேசிப் பேசி அது பழக்கமாகியிருக்கும். அடுத்த முறை மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எட்டில் அவன் பதில் சொல்லிவிடலாம்.

டாக்டர் விஷயம். நண்பன் இல்லை என்பது நோய் இல்லை, அதற்காக மட்டும் போக வேண்டாம். தூக்கம், சாப்பாடு மாறினாலோ, பறவை பார்க்கவே போகாமல் விட்டாலோ, "நான் இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ தாமதிக்காமல் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி நேரம் என்றால் 14416, டெலி மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம். பழகும் பயிற்சிக்காக யாரிடமாவது போவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். "முதலில் கண்ணைப் பார்த்துப் பேச வைப்போம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். "அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று உங்களைத் திருப்பிக் கேட்டால் உட்கார்ந்து பேசலாம்.